உப்பும் செவ்வாய்க்கிழமை போனும்

ரத்தம் முதலில் வெங்காயத்தின் மேல்தான் விழுந்தது.

திண்டிவனத்தில் ஒரு காதுகுத்து விருந்து. மண்டபத்தின் பின்கட்டில் உட்கார்ந்து வெங்காயம் அரிந்துகொண்டிருந்தேன். குவியலில் சிவப்பாக ஒரு சொட்டைப் பார்த்ததும் விரலை வெட்டிக்கொண்டேன் என்று நினைத்துக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். விரல் நன்றாகத்தான் இருந்தது. அடுத்த சொட்டு விழுந்தபோதுதான் அது என் மூக்கிலிருந்து வருகிறது என்று புரிந்தது.

நான் ஸ்டெல்லா. விசேஷங்களுக்குச் சமைப்பவள். கல்யாணம், மஞ்சள் நீர், புதுமனை, எதுவானாலும் என் டேக்சா பாத்திரங்கள் வண்டியில் ஏறிவிடும். வண்டி ஓட்டுவது என் வீட்டுக்காரர் சவரி. சந்தைக்குப் போவது, பாத்திரம் இறக்குவது, கேஸ் மாட்டுவது எல்லாம் அவர் வேலை. அடுப்பு என் வேலை. இந்தப் பிரிவினையில் எங்களுக்குள் ஒருநாளும் தகராறு வந்ததில்லை.

"உஷ்ணம்டீ" என்றார் சவரி, என் தலையில் ஈரத்துணியைப் போட்டு. "அடுப்பாண்டயே நின்னுக்கினு இருந்தா வராம இன்னா பண்ணும்?"

நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் ரத்தம் நிற்கவில்லை. துணி நனைந்து, இன்னொரு துணியும் நனைந்தது. பக்கத்தில் இருந்த ஆஸ்பத்திரிக்கு வண்டியிலேயே கூட்டிப்போனார். அங்கிருந்த நர்ஸ் என் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்தார். அதை அவிழ்த்து அடுத்த கையில் சுற்றினார். பிறகு எழுந்து வேகமாக உள்ளே போனார்.

ரத்த அழுத்தம் மேலே இருநூற்றைத் தாண்டியிருந்தது. கீழே நூற்று இருபது. மூக்குக்குப் பஞ்சு வைத்து, உடனே விழுப்புரம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டார்கள். "பிரியாணிக்கு இன்னும் தம் போடலியே" என்று நான் சொன்னது இன்றும் ஞாபகம் இருக்கிறது. "அதெல்லாம் நம்ம பொம்பளைங்க பாத்துக்குவாங்க. நீ வாய மூடிக்கினு படு" என்றார் சவரி. அவர் குரல் நடுங்கியது. அதைக் கேட்ட பிறகுதான் நான் பயந்தேன்.

பயத்துக்குக் காரணம் இருந்தது. மண்டகப்பட்டில் இருக்கும் என் அக்கா மேரிக்கு இதே கொதிப்பு வந்து, ஒரு பக்கம் கையும் காலும் விழுந்துவிட்டது. அவளுக்கு நானே எத்தனையோ முறை ஊட்டிவிட்டிருக்கிறேன். ஆம்புலன்ஸ் போகிற வழியெல்லாம் வலது கை விரல்களை மடக்கி நீட்டி, மடக்கி நீட்டிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

வார்டில் சேர்த்த டாக்டர் சின்ன வயதுப் பெண். எதையும் பொறுமையாகச் சொல்லுவார். இதயம் சுருங்கி ரத்தத்தைத் தள்ளும்போது குழாய்க்குள் இருக்கிற அழுத்தம்தான் மேல் எண். தளர்ந்து ரத்தத்தை வாங்கும்போது இருக்கிற அழுத்தம் கீழ் எண். இரண்டும் ஏறிக் கிடந்தாலும் பல பேருக்கு ஒன்றுமே தெரியாதாம். "அப்ப சட்டுனு எறக்கிடுங்க டாக்டர்" என்றேன். "சட்டுனு எறக்கக் கூடாதும்மா. இத்தனை நாள் அந்த வேகத்துக்கே மூளை பழகியிருக்கு. படிப்படியாத்தான் எறக்கணும்" என்றார்.

பிறகு பரிசோதனைகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வராந்தா, ஒவ்வொரு வராந்தாவிலும் ஒரு வரிசை. மூத்திரத்தில் புரதம் கசிகிறதா என்று பார்த்தார்கள். கசிந்தால் கொதிப்பு சிறுநீரகத்தைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம். கண்ணில் சொட்டு மருந்து விட்டு உட்காரவைத்தார்கள். உடம்பைக் கிழிக்காமல் ரத்தக்குழாயை நேராகப் பார்க்க முடிகிற இடம் கண்ணின் உள்பக்கம்தானாம். மருந்து விட்டதும் எல்லாம் மங்கிப் போய்விட்டது. சவரி என் கையைப் பிடித்து, "படி வருது, எறங்கு. இன்னொரு படி" என்று நடத்திப் போனார். கல்யாணத்தன்று மாதா கோயிலில்கூட அவர் என் கையை அவ்வளவு இறுக்கிப் பிடித்ததில்லை.

எல்லாவற்றிலும் என்னை அசர வைத்தது எக்கோ. நெஞ்சில் பசையைத் தடவி ஒரு கருவியை வைத்து அழுத்தியதும், திரையில் என் இதயம் தெரிந்தது. உள்ளே ஒரு கதவு, தண்ணீருக்கு மேலே வந்த மீனின் வாயைப் போலத் திறந்து திறந்து மூடியது. பயமெல்லாம் எங்கோ போய்விட்டது. நான் தூங்கும்போதும், சண்டை போடும்போதும், அண்டா அண்டாவாகச் சோறு வடிக்கும்போதும் இது நிற்காமல் வேலை செய்திருக்கிறது. "இது நான்தானா சார்?" என்று கேட்டேன். "நீங்களேதான்மா" என்றார் கருவி பிடித்தவர்.

டாக்டர் முடிவைச் சொன்னார். "சிறுநீரகம், கண்ணு ரெண்டும் தப்பிச்சிடுச்சு. ஆனா கஷ்டப்பட்டுத் தள்ளித் தள்ளி இதயத்துச் சுவர் கொஞ்சம் தடிச்சிருக்கு. மூட்டை தூக்கறவங்க கை தடிக்கிற மாதிரி. கைக்கு அது நல்லது, இதயத்துக்கு இல்ல. அழுத்தம் கொறஞ்சா இந்தத் தடிப்பும் கொறயலாம்."

வார்டில் இருந்த நாட்களில் சவரி வீட்டிலிருந்து உப்பில்லாத கேப்பைக் கூழ் கொண்டுவருவார். அவருக்குக் கூழ் காய்ச்சத் தெரியாது. கட்டி கட்டியாக இருக்கும். நான் கட்டியை நசுக்கி நசுக்கிக் குடிப்பதை அவர் பார்க்காதபடி திரும்பி உட்கார்ந்துகொள்வேன். அவர் மட்டும் வெளியே ஓட்டலில் ஊறுகாயோடு சாப்பிட்டுவிட்டு வருவார். விருந்து ஆர்டர்கள் இரண்டு கைநழுவிப் போயின. மருந்துக்கும் படுக்கைக்கும் செலவில்லை என்பது மட்டும் ஆறுதல்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சொன்னார்: "மாத்திரைய நிறுத்தாதீங்க. உப்பைக் கொறைங்க. வாரா வாரம் எங்க ஆளு போன் பண்ணுவாங்க. எடுத்துப் பேசுங்க."

நான் அதை மறந்தே போனேன். ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் போன் அடித்தது. தெரியாத நம்பர் என்றால் எனக்கு ஆர்டர்தான்.

"வணக்கம்ங்க, ஸ்டெல்லா சமையல். எத்தினி பேருக்குங்க, வெஜ்ஜா நான்வெஜ்ஜா?"

அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெண்ணின் சிரிப்பு. "ஒரே ஒரு ஆளுக்குத்தாங்க. உங்களுக்குத்தான். இன்னிக்கு நீங்க இன்னா சாப்ட்டீங்கன்னு கேக்கப் போட்டேன்."

அவர்தான் சுமதி. முன்பு வார்டில் நர்ஸாக இருந்து, இப்போது கொதிப்பு நோயாளிகளுக்குப் போனில் ஆலோசனை சொல்கிற வேலை. அன்று அவர் அறிவுரை எதுவுமே சொல்லவில்லை. காலையில் என்ன, மதியம் என்ன, சமைக்கும்போது எவ்வளவு ருசி பார்ப்பீர்கள் என்று கேட்டுக்கொண்டே போனார். ஒரு விருந்துக்கு நான் எத்தனை முறை கரண்டியை நாக்கில் வைக்கிறேன் என்று அதுவரை என்னை யாரும் கேட்டதில்லை. எண்ணிப் பார்த்து நானே மலைத்துப்போனேன். என் சாப்பாட்டில் இருக்கும் உப்பைவிட அடுத்தவர் சாப்பாட்டை ருசி பார்த்தே நான் அதிகம் உப்பு தின்றிருக்கிறேன்.

"ருசி பாருங்க, துப்பிடுங்க" என்றார் சுமதி.

"துப்புறதா? சாப்பாட்டயா?"

"மொதல்ல கஷ்டமாத்தான் இருக்கும் ஸ்டெல்லாம்மா. ஒரு வாரம் செஞ்சி பாத்துட்டு சொல்லுங்க."

அடுத்து மெஷின். சவரி வீட்டிலேயே அழுத்தம் பார்க்கும் கருவி ஒன்றை வாங்கி வந்தார். நான் தினமும் பார்த்தேன்; தினமும் நூற்று எழுபது. இரண்டு செவ்வாய் பொறுத்துப் பார்த்த சுமதி, "இப்ப பாருங்களேன், நான் லைன்லயே இருக்கேன்" என்றார்.

போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு பட்டையைச் சுற்றினேன்.

"அது இன்னா புஸ்ஸுனு சத்தம்?"

"அடுப்புங்க. கொழம்பு கொதிக்குது."

"நின்னுக்கினா பாக்கறீங்க?"

"ஒரு கைல கரண்டி இருக்குதுங்க."

மறுமுனையில் அவர் சிரித்த சிரிப்பில் நானும் சேர்ந்துகொண்டேன். அடுப்பை அணைக்கச் சொன்னார். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, கால் இரண்டும் தரையில் பட, கையை நெஞ்சு உயரத்துக்கு மேசையில் வைத்து, கொஞ்ச நேரம் பேசாமல் இருக்கச் சொன்னார். இருவரும் போனில் பேசாமல் இருந்தோம். பகல் நேரத்தில் அடுப்பை அணைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்தது எனக்கு அதுதான் முதல்முறை. பட்டை இறுகித் தளர்ந்தது. நூற்று ஐம்பத்திரண்டு.

"யோவ், எறங்கிடுச்சுயா" என்று வாசலில் இருந்த சவரிக்குக் கத்தினேன். என் காதுக்குள் சுமதியும் கைதட்டினார்.

அதன் பிறகு செவ்வாய்க்கிழமை என்றால் எனக்கு ஒரு விசேஷ நாள் மாதிரி. காலையிலேயே வேலையை முடித்துவிட்டு, போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு காத்திருப்பேன். கருவாட்டை வெந்நீரில் ஊறவைத்துப் பார்த்தேன் என்று பெருமையாகச் சொன்னால், "அது உப்பு போட்ட கடலு. எவ்ளோ ஊற வச்சாலும் கடலுதான்" என்பார். புளியும் எலுமிச்சையும் மிளகும் கூட்டினால் உப்பின் குறை தெரியாது என்று நான் கண்டுபிடித்ததைச் சொன்னால், "இருங்க, எழுதிக்கிறேன். மத்தவங்களுக்கும் சொல்றேன்" என்பார். அதைக் கேட்டு அன்று முழுக்க நான் தரையில் நடக்கவில்லை.

நடுவில் ஒரு சோதனை வந்தது. வறட்டு இருமல். சளி இல்லை, காய்ச்சல் இல்லை, தொண்டையில் யாரோ இறகை வைத்துத் தடவுகிற மாதிரி ஒரு அரிப்பு. பனமலைப் பக்கம் ஒரு புதுமனை விருந்தில் சாம்பார் அண்டா முன்னால் நின்று இருமித் தீர்த்தேன். வீட்டுக்காரம்மா என்னையும் அண்டாவையும் மாறி மாறிப் பார்த்தார். சமையல்காரி இருமினால் அந்த ஊரில் அடுத்த ஆர்டர் கிடையாது. ஊரே பேசிவிடும்.

கொதிப்பு மாத்திரையை ஆரம்பித்த பிறகுதான் இருமல் வந்தது என்று எனக்கு ஒரு சந்தேகம். செவ்வாய்க்கிழமை போனில் நான் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. மறுநாளிலிருந்து மாத்திரையை விட்டுவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். பேச்சுக்கு நடுவே இரண்டு முறை இருமினேன்.

"எப்ப இருந்து இந்த இருமலு?" என்று கேட்டார் சுமதி.

"அது சும்மாங்க. மொளகா நெடி."

"ராத்திரில படுத்தாலும் வருதா? அப்பவும் மொளகாயா?"

நான் சொல்லிவிட்டேன். அந்த வகை மாத்திரை சிலருக்கு இப்படி வறட்டு இருமலைக் கொடுக்கும், அது தெரிந்த விஷயம்தான் என்றார். "ஆனா நீங்களா நிறுத்தாதீங்க. நிறுத்துனா பழையபடி ஏறிடும். நாளைக்கு காலைல ஓபிக்கு வாங்க. நான் இப்பவே டாக்டராண்ட சொல்லி வைக்கிறேன். வேற மாத்திரை இருக்கு."

மறுநாள் மாத்திரை மாறியது. சில வாரங்களில் இருமல் நின்றது. ஒரு போனுக்குள் புகுந்து வந்த இரண்டு இருமலைப் பிடித்துக்கொண்டு ஒருவர் என்னைக் காப்பாற்றியிருக்கிறார் என்பதை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிலிர்க்கிறது.

அழுத்தம் நூற்று முப்பதுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. அடுப்புச் சூடு என்று நான் நினைத்திருந்த தலைவலி போன இடம் தெரியவில்லை. அந்த நேரத்தில்தான் என் தொழிலுக்கே வேட்டு வைக்கிற மாதிரி ஒன்று நடந்தது.

ஒரு சின்ன விருந்து. முதல் பந்தி உட்கார்ந்ததுமே, "கொஞ்சம் உப்பு குடுங்க" என்று ஒரு குரல். அடுத்து இன்னொரு இலையிலிருந்து. அப்புறம் ஒரு பெரியவர், "உப்பு போட மறந்துட்டாங்களா?" என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி கேட்டார். நான் ஓடிப்போய் ரசத்தை நாக்கில் வைத்துப் பார்த்தேன். எனக்குச் சரியாக இருந்தது. சரியாக இல்லை, கொஞ்சம் தூக்கலாகவே இருந்தது.

வீட்டுக்கு வந்து அழுதேன். உப்பைக் குறைத்ததில் என் நாக்கு கெட்டுப்போய்விட்டது. சமையல்காரிக்கு நாக்கு போனால் வேறு என்ன இருக்கிறது. அடுத்த மாதம் திண்டிவனத்தில் பெரிய கல்யாணம். எங்கள் சர்ச் பங்கைச் சேர்ந்த குடும்பம். பெண்ணின் அப்பா துபாயில் வேலை பார்த்தவர். அவரோடு அங்கே இருந்த நண்பர்கள் கோட்டக்குப்பத்திலிருந்து குடும்பத்தோடு வருவதாகச் சொல்லி, கறியை ஹலால் கடையில்தான் வாங்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தார். பிரியாணியிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் அவர்கள்.

"நான் பழையபடி உப்பு போட்டு சாப்புடப் போறேங்க" என்றேன் செவ்வாய்க்கிழமை. "நாக்கு திரும்பணும். கல்யாணம் முடிஞ்சி மறுபடி கொறைச்சிக்கிறேன்."

சுமதி திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "நாக்கு கெடலம்மா" என்றார் நிதானமாக. "உப்பைக் கொறைச்சா கொஞ்ச நாள்ல நாக்கு கூர்மையாயிடும். கம்மி உப்பே நெறயாத் தெரியும். உங்க நாக்கு நல்லா ஆயிடுச்சு. ஊர் நாக்கு பழசாவே இருக்கு, அவ்ளோதான்."

"ஊர் நாக்குக்குத்தானங்க நான் சமைக்கணும்?"

"அதான் நானும் யோசிக்கிறேன்" என்றார். பிறகு கேட்டார்: "உங்க கூடவே இருக்கற ஆளுங்கள்ல யாரு இன்னும் பழையபடி சாப்புடறாங்க?"

நான் திரும்பிப் பார்த்தேன். சவரி அப்பளத்தை நொறுக்கிச் சோற்றில் பிசைந்துகொண்டிருந்தார்.

கல்யாணத்தன்று காலை, அடுப்புப் பக்கமே வராத மனுஷனை டேக்சா முன்னால் நிறுத்தினேன். கறி வெந்து மசாலா தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. பிரியாணியில் உப்பு பார்க்க அதுதான் கடைசி வாய்ப்பு. அரிசியைக் கொட்டிக் கிளறி, மூடி போட்டு, மேலே தணலைப் பரப்பிவிட்டால் கடவுளே வந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது.

சவரி கரண்டியை வாங்கி ஊதி ஊதி வாயில் விட்டார். கண்ணை மூடினார்.

"கம்மி" என்றார்.

"யோவ், நல்லா பாத்து சொல்லு. எனக்குக் கரிக்குது."

"நீ ஆஸ்பத்திரி நாக்கு. கம்மின்னா கம்மிதான்."

ஒரு பிடி போட்டேன். மறுபடி குடித்தார். "இன்னும் அரைப் பிடி."

என் வாயில் அது கடல் தண்ணீர். கை போகவில்லை. "தப்பா போச்சுன்னா ரெண்டு பேருக்கும் இன்னிக்கோட தொழிலு முடிஞ்சிது, தெரியுதா?" என்றேன்.

"போடுடீ" என்றார். "இத்தினி வருஷமா உன் பிரியாணிய நான்தான் தின்னுக்கினு இருக்கேன். அது எப்பிடி இருக்கும்னு எனக்குத் தெரியாதா?"

போட்டேன். அரிசி போனது. மூடி விழுந்தது. தணல் ஏறியது.

முதல் பந்தியில் நானே கதவோரம் போய் நின்றேன். நெஞ்சு அடித்துக்கொண்டது, சுமதி கேட்டால் இப்போது மெஷினைத் தொடாதீங்க என்றுதான் சொல்லியிருப்பார். ஐந்நூறு இலைகள். உப்பு என்ற சொல் எந்த இலையிலிருந்தும் வரவில்லை. பேச்சே இல்லை. சாப்பிடுகிற சத்தம் மட்டும். கோட்டக்குப்பத்துப் பெரியவர் ஒருவர் என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார். என்ன குறையோ என்று போனேன். "மசாலா எறங்குன அடிப் பக்கத்துச் சோறு இருந்தா கொஞ்சம் போடச் சொல்லும்மா" என்றார். சமையலறைக்கு ஓடினேன். சவரியைப் பிடித்து உலுக்கினேன். கரி படிந்த கையோடு அவர் அசட்டுச் சிரிப்பு சிரித்தார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை சுமதியிடம் எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னேன். அவர் கேட்டு ரசித்துவிட்டு, "அண்ணன் பக்கத்துலதான இருக்காரு? அவரு கைலயும் ஒரு தடவை அந்தப் பட்டையக் கட்டிப் பாருங்க" என்றார்.

"எனக்கு இன்னா, கல்லு மாதிரி இருக்கேன்" என்றார் சவரி. இருந்தாலும் உட்கார்ந்தார். பட்டை இறுகித் தளர்ந்தது. நூற்று எழுபத்தெட்டு.

"மெஷினு பேஜாரு பண்ணுது" என்றார். மறுபடி கட்டினேன். நூற்று எழுபத்தாறு. மறுநாள் விழுப்புரத்தில், அதே எக்கோ அறையில், இந்த முறை அவர் படுத்திருந்தார், நான் பக்கத்தில் நின்றேன். நேரத்தோடு கண்டுபிடித்தாகிவிட்டது, இதயத்தில் தடிப்பு எதுவும் இல்லை, மாத்திரையும் சாப்பாடும் போதும் என்றார் டாக்டர். அந்த ஒரு வார்த்தைக்கு வராந்தாவிலேயே மண்டியிட்டுவிட்டேன்.

இப்போது விருந்துகளில் உப்பைத் தராசில் நிறுத்துப் போடுகிறேன். சவரி சொன்ன அந்தக் கல்யாண அளவுதான் கணக்கு. என் அழுத்தம் அடங்கிவிட்டதால் எனக்கு மாதம் ஒரு போன்தான். வாரப் போன் அவருக்கு.

போன செவ்வாய்க்கிழமை நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். கூடத்தில் அவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"மல்லாட்டையா? உப்பு போட்டு வேக வச்சதா? அதெல்லாம் இந்த வீட்டுப் பக்கமே வராதுங்க."

கையைத் துடைத்துக்கொண்டு, அவர் காலடியில் கிடந்த வேர்க்கடலைத் தோலைத் தாண்டிப் போய் போனை வாங்கினேன்.

"சுமதிம்மா, ஸ்டெல்லா பேசறேன். இன்னிக்கு இன்னா சாப்ட்டாருன்னு நான் சொல்றேன், எழுதிக்கிங்க."